நெல் அறுக்கும் வண்டியில் நெல்மணி வீணாகாமல் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பாதி கழிந்தால் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள். குடியிருப்பது மாதவரம், அம்பத்தூர், தாம்பரம். அப்பா வழி நிலம் பொன்னேரியிலோ சோழவரத்திலோ மதுராந்தகத்திலோ இருக்கும். நடவும் களையும் ஊரில் இருக்கும் சொந்தக்காரர் பார்த்துக்கொள்வார். அறுப்பு நாளன்று மட்டும் லீவு போட்டுவிட்டு வரப்பில் போய் நிற்போம். வண்டி போன பிறகு தரையில் கிடக்கும் நெல்லைப் பார்த்தால் வயிறு எரியும். யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாது. இத்தனை வருடம் வண்டிக்குப் பின்னால் நடந்து நான் கற்றதை இங்கே எழுதியிருக்கிறேன்.

வண்டியில் அறுத்தால் நெல் வீணாகத்தான் செய்யும், கை அறுப்புதான் நல்லது என்கிறார் சித்தப்பா. உண்மையா?

கை அறுப்பிலும் நெல் உதிரும். அரிவாள் படும்போது கொஞ்சம், அரி போட்டுக் காயும்போது கொஞ்சம், கட்டுக் கட்டித் தலையில் தூக்கிக் களத்துக்குப் போகும் வழியெல்லாம் கொஞ்சம், அடித்த தாளில் ஒட்டியபடி கொஞ்சம். அது வயல், வரப்பு, களம் என்று பரவிக் கிடப்பதால் கண்ணில் படாது. வண்டி தன் சேதாரத்தை வைக்கோலோடு ஒரே வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது, அதனால் பெரிதாகத் தெரிகிறது. சரியாக அமைத்து நிதானமாக ஓட்டிய வண்டி கை அறுப்பைவிடக் குறைவாகவே வீணாக்கும். தாறுமாறாக ஓட்டினால் சித்தப்பா சொல்வதுதான் நடக்கும்.

வண்டிக்குள் எந்த இடத்தில் நெல் தவறுகிறது?

பயிர் போகும் பாதையைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். முன்னால் சுழலும் ரீல் பயிரை உள்ளே சாய்க்கிறது, கத்தி அறுக்கிறது, திருகு நடுவுக்குத் தள்ளுகிறது, செயின் மேலே ஏற்றி டிரம்முக்குக் கொடுக்கிறது. டிரம் சுழன்று கதிரை அடிக்க, அதன் அடியில் இருக்கும் வலைத்தட்டு வழியாக மணி கீழே இறங்குகிறது. கீழே சல்லடை ஆடிக்கொண்டிருக்க, காற்றாடி பதரையும் கூளத்தையும் பின்னால் ஊதித் தள்ளுகிறது. மணி டேங்குக்கு ஏறுகிறது, வைக்கோல் பின்பக்கம் விழுகிறது.

ஆக, நெல் தவறும் இடம் நான்கு. ரீலும் கத்தியும் படும்போது முன்பக்கம் உதிர்வது ஒன்று. டிரம் சரியாக அடிக்காமல் கதிரிலேயே மணி தங்கிவிடுவது இன்னொன்று. அடித்து விடுபட்ட மணி வலைத்தட்டு வழியே இறங்க நேரமில்லாமல் வைக்கோலோடு போய்விடுவது மூன்றாவது. சல்லடை மேல் காற்று மணியையும் சேர்த்து ஊதிவிடுவது நான்காவது. வண்டி வருவதற்கு முன்பே முற்றிப்போய்த் தானாக உதிர்ந்ததும் தரையில் கிடக்கும். அதை வண்டி மேல் ஏற்றக் கூடாது.

எவ்வளவு வீணாகிறது என்று வயலிலேயே கணக்குப் பார்க்க முடியுமா?

முடியும். இதை மட்டும் செய்தாலே போதும் என்பேன். ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாகத் தடிமனான கம்பியை வளைத்துக்கொள்ளுங்கள். தென்னை ஈர்க்கில் கட்டினாலும் சரி.

முதலில் அறுக்காத பயிருக்குள் நான்கைந்து இடத்தில் சட்டத்தை வைத்து, தரையில் கிடக்கும் மணிகளை எண்ணி சராசரி எடுங்கள். அது தானாக உதிர்ந்தது. அடுத்து, வண்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தச் சொல்லி, பத்துப் பதினைந்து அடி பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கக் கத்தி நின்ற இடத்துக்குச் சற்றுப் பின்னே, அறுத்தும் வைக்கோல் விழாத துண்டு ஒன்று கிடைக்கும். அங்கே எண்ணினால் தானாக உதிர்ந்ததும் முன்பக்கச் சேதாரமும் சேர்ந்து வரும். மூன்றாவதாக, வைக்கோல் வரிசை விழுந்த இடத்தில் வைக்கோலை நன்றாக உதறிவிட்டு எண்ணுங்கள். இன்ஜினை நிறுத்திய பிறகே வண்டி அருகில் போக வேண்டும்.

எண்ணும்போது ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கிப் பாருங்கள். பதரையும் கருக்காயையும் (பால் முழுதாக ஏறாத அரைகுறை மணி) எண்ணிப் பதறுபவர்கள் நிறைய.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. செயின் வண்டி (டயருக்குப் பதில் பட்டையில் ஊர்ந்து போவது) ஏறக்குறைய 7 அடி அகலத்துக்கு அறுக்கும், ஆனால் வைக்கோல் ஏறக்குறைய 3 அடி அகலத்தில்தான் விழும். 7 அடியின் சேதாரம் முழுவதும் அந்த 3 அடியில் குவிந்து கிடக்கிறது. எனவே அங்கே எண்ணியதை ஏழில் மூன்று பங்காக்க வேண்டும். வைக்கோல் வரிசையில் சதுர அடிக்கு 90 மணி இருந்தது, அதில் தானாக உதிர்ந்ததும் முன்பக்கம் உதிர்ந்ததும் சேர்ந்து 6 என்று வைத்துக்கொள்வோம். மீதி 84. அதில் ஏழில் மூன்று பங்கு 36. வயல் முழுக்கச் சதுர அடிக்கு 36 மணி பின்பக்கம் போயிருக்கிறது என்று பொருள். உங்கள் வண்டியின் அகலங்களை டேப்பால் அளந்து இதே கணக்கைப் போடுங்கள்.

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஏடிடி 37 போன்ற குண்டு நெல்லில் ஆயிரம் மணி ஏறக்குறைய 23 கிராம் இருக்கும். அதனால் சதுர அடிக்கு ஒரு மணி விழுந்தால் ஏக்கருக்கு ஒரு கிலோ. நினைவில் வைக்க இதைவிட எளிய கணக்கு கிடையாது. சன்ன ரகங்களில் ஆயிரம் மணி 15 கிராம் அளவில்தான் வரும். அங்கே சதுர அடிக்கு மூன்று மணி விழுந்தால் ஏக்கருக்கு இரண்டு கிலோ. மேலே சொன்ன 36 மணி சன்ன நெல்லாக இருந்தால் ஏக்கருக்கு 24 கிலோ. ஏக்கருக்கு 2,400 கிலோ கண்டுமுதல் வரும் வயலில் அது ஒரு விழுக்காடு. கண்ணுக்கு நெல்லே கொட்டிக் கிடப்பதுபோல் தெரிந்த இடம் அது!

எத்தனை விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம்?

நிமிர்ந்த பயிர், காய்ந்த தாள் என்றால் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 2 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. அதைத் தாண்டினால் வண்டியை நிறுத்திப் பேசுவேன். பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள். அதற்குச் செலவாகும் நேரம் நெல்லைவிட விலை கூடிப்போகும்.

வண்டி மணிக்கணக்கில் வாடகை. மெதுவாகப் போகச் சொன்னால் நஷ்டம் எனக்குத்தானே?

நம் வயல்களில் நெல் வீணாவதற்குப் பெரிய காரணம் இந்தக் கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டிரைவர் அவசரப்படுவதைவிட, வரப்பில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டு "சீக்கிரம் சீக்கிரம்" என்று விரட்டும் நாம்தான் அதிகம் அவசரப்படுகிறோம். நானும் ஒரு சம்பாவில் அப்படி விரட்டினேன். ஒன்றரை மணி நேரத்தில் அறுப்பு முடிந்ததைப் பெருமையாக வீட்டில் சொன்னேன். வயலைக் கண்ணால் பார்த்தபோது வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 2,500 ரூபாய் வாடகை, ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்ததால் ஏக்கருக்குக் கால் மணி கூடுகிறது. கூடுதல் செலவு 625 ரூபாய். அதனால் சேதாரம் 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டுக்கு இறங்கினால், 2,400 கிலோ வயலில் 48 கிலோ நெல் மிச்சம். கிலோ 25 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். செலவு போக 575 ரூபாய் உங்கள் கையில். ஏற்கெனவே சேதாரம் ஒன்றரை விழுக்காட்டில் இருந்தால் மெதுவாக்குவதில் லாபம் இல்லை, அப்படியே ஓடட்டும். எண்ணிப் பார்க்காமல் இரண்டில் எது என்று தெரியாது.

வேகத்தை அளக்க மீட்டர் வேண்டாம். வரப்பில் 10 மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சி நட்டு, வண்டி கடக்கும் நேரத்தைப் பாருங்கள். 12 விநாடி என்றால் மணிக்கு 3 கிலோமீட்டர். 18 விநாடி என்றால் 2 கிலோமீட்டர். அடர்த்தியான பயிரிலும் ஈரத்தாளிலும் இரண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் பின்பக்கச் சேதாரம் கண்முன்னே குறையும். காரணம் எளிது. டிரம்முக்குள் ஒரே நேரத்தில் நுழையும் தாள் குறைந்தால், மணி அதிலிருந்து பிரிந்து இறங்க இடமும் நேரமும் கிடைக்கிறது.

அப்படியானால் ஆக்ஸிலேட்டரைக் குறைக்கச் சொல்லலாமா?

கூடவே கூடாது. இன்ஜின் வேகத்தைக் குறைத்தால் டிரம், சல்லடை, காற்றாடி எல்லாமே சேர்ந்து தளரும். கதிர் அரைகுறையாக அடிபடும், சல்லடையில் கூளம் மெத்தை போல் படியும். இன்ஜின் முழு வேகத்தில் இருக்க வேண்டும், கியரையோ நகர்த்தும் லீவரையோ குறைத்து வண்டியை மட்டும் மெதுவாக்க வேண்டும். "அண்ணே, ரேஸ் அப்படியே இருக்கட்டும், கியர் மட்டும் ஒண்ணு இறக்குங்க" என்று சொன்னால் எந்த டிரைவருக்கும் புரியும். கியர் இறக்க வழியில்லாத வண்டியில், முழு அகலத்துக்கு அறுக்காமல் முக்கால் அகலம் மட்டும் அறுக்கச் சொல்லலாம். டிரம்முக்குப் போகும் சுமை அதே அளவு குறையும்.

கத்திக்கு முன்னாலேயே கதிர் ஒடிந்து விழுகிறது. என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ரீல். அது வண்டி நகரும் வேகத்தைவிடச் சற்றே வேகமாகச் சுழல வேண்டும், கால் பங்கு கூடுதல் என்பது நல்ல தொடக்கம். ரொம்ப வேகமாகச் சுழன்றால் கதிரை அடித்து உதிர்க்கும். மெதுவாகச் சுழன்றால் பயிரை முன்னால் தள்ளி மடக்கும். உயரமும் முக்கியம்: ரீலின் கம்பு கதிரின் மேல் படாமல் கதிருக்குக் கீழே தாளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வண்டியின் வேகத்தை மாற்றினால் ரீல் வேகத்தையும் பார்த்தாக வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது கத்தி. அறுத்த தாளின் நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீராக வெட்டியிருந்தால் கத்தி நன்றாக இருக்கிறது. நாராகக் கிழிந்திருந்தால் மழுங்கிய பிளேடு பயிரைப் பிடித்து உலுக்குகிறது. உலுக்கும் ஒவ்வொரு முறையும் முற்றிய மணி கொட்டும். உடைந்த பிளேடு இரண்டு இருந்தால்கூட அந்த வரியில் அறுபடாத தாள் சீப்புப் பல் போல நிற்கும். வண்டி வயலில் இறங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

வைக்கோலில் மணி ஒட்டியபடியே வருகிறது. டிரம்மை வேகமாக்கலாமா?

ஒட்டியபடி வருகிறதா, உதிரியாக வருகிறதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

கதிரில் ஒட்டியிருந்தால் அடி போதவில்லை. முன்பக்கம் கத்தியையும் ஏற்றும் செயினையும் பார்த்துவிட்டு, டிரம்முக்கும் வலைத்தட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். அதற்கும் போதாவிட்டால் டிரம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம். ஒன்றை மாற்றி, ஐம்பது அடி ஓட்டி, எண்ணிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

மணி உதிரியாக வைக்கோலுக்குள் கிடந்தால் டிரம் தன் வேலையைச் செய்துவிட்டது, மணிதான் கீழே இறங்கவில்லை. சுமை அதிகம், அல்லது தாள் ஈரம், அல்லது வலைத்தட்டில் கூளம் அடைப்பு. இங்கே டிரம்மை வேகப்படுத்தினால் தாள் பொடியாகி சல்லடை இன்னும் திணறும். வேகத்தைக் குறையுங்கள், கொஞ்சம் உயர்த்தி அறுக்கச் சொல்லுங்கள். உயர்த்தினால் வைக்கோல் நீளம் குறையும். மாடு வைத்திருப்பவர்களுக்கும் வைக்கோலை விற்பவர்களுக்கும் அது இழப்பு என்பதால், எது முக்கியம் என்று முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சில வண்டிகளில் டிரம் மூடியின் உட்புறம் சாய்வாகத் தகடுகள் இருக்கும். அவற்றின் சாய்வை மாற்றினால் தாள் டிரம்முக்குள் கூடுதல் நேரம் தங்கும். அதை வண்டிக்காரரே செய்யட்டும்.

டேங்கில் பதர் அதிகமாக இருக்கிறது. காற்றைக் கூட்டச் சொல்லலாமா?

நிதானமாக. டேங்கில் நெல் பளிச்சென்று பதரே இல்லாமல் வந்தால் நமக்கு மகிழ்ச்சி, ஆனால் அந்தச் சுத்தத்துக்கு விலையாக நல்ல மணியும் பின்னால் பறந்துகொண்டிருக்கலாம். காற்று போதாவிட்டாலும் நெல் வீணாகும்: கூளம் சல்லடை மேல் பாய் விரித்தாற்போல் படிந்து, மணி அதன் மேல் சவாரி செய்து வெளியே போகும். எனவே காற்றைச் சிறிது கூட்டி, பின்னால் கூளம் பரவும் இடத்தில் எண்ணுங்கள். நசுக்கினால் கெட்டியாக இருக்கும் மணி வரத் தொடங்கினால் ஒரு படி குறைத்துவிடுங்கள். கொஞ்சம் பதர் டேங்கில் வருவது நல்லது. களத்தில் தூற்றிக்கொள்ளலாம், வயலில் பறந்த மணியைத் திரும்ப எடுக்க முடியாது.

டேங்கில் உமி போன அரிசியும் நொறுங்கிய மணியும் தெரிகிறது.

டிரம் வேகம் அதிகம் அல்லது இடைவெளி மிகக் குறைவு. தரையில் கிடக்கும் சேதாரத்துக்குக் கொடுக்கும் கவனத்தை நாம் இதற்குக் கொடுப்பதில்லை. வெளியே தெரியும் ஒரு அரிசிக்குப் பின்னால் உள்ளே விரிசல் விட்ட பல மணிகள் இருக்கும், ஆலையில் அரைக்கும்போது அவை குருணையாகிவிடும். செங்குன்றத்து ஆலைக்காரர் கையில் நான்கு நெல் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பது இதனால்தான். விதைக்கு வைப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும், அடிபட்ட மணி சரியாக முளைக்காது.

அடிபடாத கதிரைத் திருப்பி டிரம்முக்கே அனுப்பும் குழாய் ஒன்று பல வண்டிகளில் உண்டு. சல்லடை அடைத்துக்கொண்டால் நல்ல மணியும் அதில் சுற்றிச் சுற்றி அடிபடும். டிரம்மைக் குறைத்தும் அரிசி வந்துகொண்டே இருந்தால் சல்லடையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வண்டி காலை ஆறு மணிக்கே வருகிறதாம். இறக்கிவிடலாமா?

தை மாதத்தில் பழவேற்காடு, பொன்னேரிப் பக்கம் பனி எப்படிக் கொட்டும் என்று தெரியும் அல்லவா? ஈரத்தாளில் மணி ஒட்டிக்கொள்ளும், சல்லடை அடைக்கும். வெயில் ஏறித் தாள் சரசரவென்று ஆகும் வரை, அதாவது ஒன்பதரை பத்து மணி வரை, பொறுப்பது நல்லது. அன்றைக்கு வரிசையில் முதல் வயலாகப் பேசாதீர்கள், இரண்டாவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் அறுப்பது என்பது அதைவிடப் பெரிய முடிவு. கதிரில் 80 முதல் 85 விழுக்காடு மணி வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். அப்போது மணியின் ஈரப்பதம் 20 முதல் 25 விழுக்காடு இருக்கும். இன்னும் காயட்டும் என்று விட்டால் ரீல் பட்டதுமே உதிரும், பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறிப் பட்டு மணி விரியும். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம் கேட்பார்கள் என்பதற்காக வயலிலேயே காய விடுவது தவறு. அறுத்துக் களத்தில் காய வையுங்கள். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட்டால் தரையும் இறுகும், வண்டியும் ஆடாமல் போகும்.

டிசம்பர் மழையில் பயிர் படுத்துவிட்டது. என்ன செய்வது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் வயல்கள் எப்படிக் கிடந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி புரியும். படுத்த பயிரில் 2 விழுக்காடு என்ற என் அளவை மறந்துவிடுங்கள். குறைக்க வழி உண்டு. பயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்த்திசையிலிருந்து அறுக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் குறுக்காக. ரீலை நன்றாகத் தாழ்த்தி முன்னுக்குத் தள்ளி, அதன் விரல்களைப் பின்பக்கம் சாய்த்தால் தாளைக் கோதித் தூக்கும். வேகம் பாதி. ஒரே பக்கமாக அறுத்துவிட்டுக் காலியாகத் திரும்பி வருவதால் நேரம் கூடும், டிரைவர் முகம் சுளிப்பார். முன்பே அந்த நேரத்துக்கும் சேர்த்து வாடகை பேசிவிட்டால் மனத்தாங்கல் வராது. அறுப்பு முடிந்ததும் பெண்களை விட்டுக் கதிர் பொறுக்கும் பழைய வழக்கம் படுத்த வயலில் இன்றும் கூலிக்கு மேல் தரும்.

டிரைவரிடம் இதையெல்லாம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து வரும் டிரைவர்கள் வீட்டை விட்டு வாரக்கணக்கில் வயலிலேயே தூங்கி எழுபவர்கள். வண்டியைப் பற்றி நம்மைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பாடம் எடுக்கப் போனால் கோபம்தான் வரும். டீ கொடுத்து, "அண்ணே, எனக்கு அவசரம் இல்ல. முதல் ரெண்டு வரி நிதானமா ஓட்டுங்க, நான் பின்னாடி எண்ணிப் பார்த்துட்டு சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவசரம் இல்லை என்று நிலத்துக்காரர் வாயிலிருந்து கேட்பதே அவருக்குப் புதிதாக இருக்கும். எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வாக்குவாதம் வருவதில்லை என்பதும் என் அனுபவம்.

வயலின் நான்கு மூலையையும் முன்பே கையால் அறுத்து வைத்திருங்கள். வண்டி திரும்பும்போது பயிரை மிதிப்பது மிச்சமாகும்.

செயின் வண்டியா, டயர் வண்டியா?

சம்பாவில் தரை ஈரமாக இருக்கும், செயின்தான். நவரை, சொர்ணவாரிப் பருவ அறுப்பில் தரை காய்ந்திருந்து வயலும் பெரிதாக இருந்தால் டயர் வண்டி வாடகை குறையும்.

முந்தைய வயலின் நெல் நம் நெல்லோடு கலக்குமா?

கலக்கும். டேங்க், திருகு, செயின் எல்லாவற்றிலும் தங்கியிருக்கும். வண்டியை வயலுக்கு வெளியே சற்று நேரம் வெறுமனே ஓட விட்டு டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். விதை நெல் எடுப்பதானால் முதல் சில மூட்டைகளை விதைக்கு வைக்காதீர்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

வரப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடும் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் போகக் கூடாது. அடைப்பு எடுக்கும்போது இன்ஜின் நின்று, சாவி டிரைவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். வயலுக்கு மேல் மின்கம்பி தாழ்வாகப் போகிறது என்றால் வண்டி வந்தவுடன் முதல் பேச்சு அதுவாக இருக்கட்டும்.

சென்னையில் இருந்துகொண்டே யாரிடம் விசாரிக்கலாம்?

வேளாண்மைப் பொறியியல் துறையின் தலைமை அலுவலகம் நந்தனத்தில் இருக்கிறது. துறை வண்டிகளை இ-வாடகை என்ற இணையவழிப் பதிவு மூலமாக வாடகைக்குப் பதிவு செய்யலாம், அரசின் உழவன் செயலியிலும் வழி உண்டு. ரகம் பற்றியும் முற்றல் நாள் பற்றியும் கேட்கத் திருவள்ளூர் அருகே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டிகேஎம் 13 நெல் ரகம் அங்கிருந்து வந்ததுதான். கிசான் அழைப்பு மையம் 1800 180 1551. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அறுப்பு நாளில் போக முடியவில்லை. பிறகு போய்ப் பார்த்தால் ஏதாவது தெரியுமா?

தெரியும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கொஞ்சம் ஈரம் இருந்தால், விழுந்த நெல் முளைத்திருக்கும். வயல் முழுக்க அங்கங்கே லேசாகப் பச்சை என்றால் அது தானாக உதிர்ந்தது, இல்லாவிட்டால் முன்பக்கம் கொட்டியது. வைக்கோல் வரிசை கிடந்த தடத்தில் மட்டும் நாற்றங்கால் போல அடர்ந்த பச்சைக் கோடுகள் ஓடினால் பின்பக்கம் போயிருக்கிறது. கோடு தொடங்கும் இடத்திலும் நடுவிலும் வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் அடர்த்தி கூடினால் அங்கேதான் வண்டி வேகம் எடுத்திருக்கிறது. போனில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த போகத்துக்கு அதே வண்டிக்காரரிடம் பேசும்போது காட்டலாம்.